புளிக்கு எந்தத் தட்டு

…இல்ல சார், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. புளி பழமா, இல்லியா? … ஆங், அதான்! புளியம்பழம்னு தானே சொல்றோம்? பால்குடி கொழந்த கூட சொல்லும். அதுக்கு இன்னாத்துக்கு சார் முப்பது பேர், லெக்சரருங்க, வக்கீலுங்க, கம்பெனி இன்ஜினியருங்க, ஏசி ரூம்ல குந்திக்கினு அரை நாள் அடிச்சிக்கணும்? ஒருத்தர் பழம்ன்றாரு. ஒருத்தர் காய்ன்றாரு. ஓட்டுக்குள்ள தானே கீது, அப்போ வேர்க்கடல மாதிரி ஒடைக்கற சாமான்னு ஒரு அம்மா! எனக்கு வந்துச்சே கோவம்… எழுந்து நின்னு சொல்லிட்டேன், "ஏமண்டி, உங்க வூட்ல ரசம் வெக்கறதே இல்லியா?"ன்னு.

கொஞ்சம் அந்தாண்ட குந்துங்க சார், ஜன்னல் ஓரம் எனக்கு விடுங்க. கோவம் வந்தா எனக்கு வேர்க்கும், காத்து வேணும். … ரொம்ப தேங்க்ஸ். நீங்க எங்க எறங்கணும்? காணிப்பாக்கம் க்ராஸா? அட, பஸ்ஸு இன்னும் திருப்பதியே தாண்டல. தூக்கமா? … இல்லியா? கண்ண மூடிக்கினு கேக்கறீங்களா? சரி சரி, கேளுங்க, கேக்க வேண்டிய சமாச்சாரம் தான்.

நான் காலேப். கங்காதர நெல்லூர்ல வந்து காலேப் பட்டறைன்னு கேளுங்க, நாயி கூட வழி காட்டும். எட்டாவது பெயிலு. ஆனா நான் செஞ்ச மிஷினு இல்லாத புளி மண்டி சித்தூர் ஜில்லாவுல கம்மி… அதாவது, நான் செஞ்ச மாதிரி மிஷினு. அதான் சார் வயித்தெரிச்சலே! வெங்கடரமணன்னு ஒருத்தன், எங்க ஊருக்குப் பக்கத்துல மண்டி வெச்சிக்கினு கீறான். பச்சத் திருடன். நான் ரெண்டு வருஷம் தலைய ஒடச்சிக்கினு புளில கொட்ட எடுக்கற மிஷினு செஞ்சா, அவன் அத்த அப்பிடியே காப்பி அடிச்சி பச்ச பெயின்ட் பூசி வித்துக்கினு கீறான். அப்பிடியே சார்! நான் ஒரு எடத்துல போல்ட்ட மாத்திப் போட்டுட்டேன், அந்தத் தப்பக் கூட வுடாம அடிச்சிருக்கான்!

கேளுங்க. பொம்பளைங்க கட்டையால அடிச்சி அடிச்சி, வெரல் நசுங்கி, கொட்ட எடுப்பாங்க, பாத்திருப்பீங்க. எம்பொண்டாட்டி தபிதா கல்யாணத்துக்கு முன்னாடி அந்த வேல தான் செஞ்சா. அவ கைல இன்னிக்கும் ஒரு நகம் மொளைக்கல. அதப் பாத்து தான் அந்த மிஷினே பொறந்துச்சு. சரி, அது வேற கத.

வடமாலபேட்டைல ஒரு கம்பெனிக்காரன் என்னக் கூப்ட்டு சொன்னான், "காலேப்பு, பேட்டன்ட்டு பேப்பர் கொண்டா, நாப்பது மிஷினு எடுத்துக்கறேன். பேப்பர் இல்லன்னா உன் மிஷினும் ஒண்ணு, வெங்கடரமணன் மிஷினும் ஒண்ணு"ன்னு. நாப்பது சார்! ஒத்தப் பட்டறைக்கு நாப்பது! நான் தரகாஸ்து, அதான் அப்ளிகேஷன், போட்டு வெச்சிக்கிறேன், ஆனா பேட்டன்ட்டு இன்னும் கைக்கு வரல. அதுக்குள்ள தான் இந்த ட்ரெய்னிங்கு. திருப்பதில மூணு நாள். உலகத்துல எந்த மூலைல எவன் இன்னா மிஷினு கண்டுபுடிச்சிக்கிறான்னு தேடிப் பாக்கச் சொல்லிக் குடுக்கறாங்களாம். நான் நெனச்சேன், இத்தக் கத்துக்கினா வெங்கடரமணன ஒரே அமுக்கா அமுக்கிடலாம்னு.

போனா வாசல்லயே தகராறு. "இது புரொஃபஷனல்ஸ்க்கு மட்டும்"ன்றான் ஒருத்தன். நான் இன்னா பஞ்சுமிட்டாயா விக்கிறேன்? கைய நீட்டிக் காட்னேன். பாருங்க, இந்தத் தழும்பு, வெல்டிங்கு. இந்த வெரலு, லேத்து. இதுக்கு மேல இன்னா புரொஃபஷனு வேணும் உங்களுக்குன்னேன். அப்புறம் ஃபீஸு. பேரம் பேசாம நான் தீப்பெட்டி கூட வாங்க மாட்டேன் சார். "மூணு நாள் சாப்பாடு எனக்கு வாணாம், அத்தக் கழிச்சிக்கோங்க"ன்னேன். கழிச்சான்! மொதல் நாள் மத்தியானம் எல்லாரும் துன்னுக்கினு கீறாங்க, நான் தபிதா கட்டிக் குடுத்த டிபன் டப்பாவோட தூண் ஓரமா. பக்கத்துல சபீனா மேடம்னு, காலேஜ்ல கெமிஸ்ட்ரி லெக்சரரு, ரொம்ப நல்லவங்க. "அண்ணா, அந்த எண்ண கத்திரிக்கா ஒரு துண்டு குடுங்க"ன்னு வந்தாங்க. நான் கத்திரிக்கா குடுத்தேன், அவங்க தட்டுல இருந்த பிரியாணியக் குடுத்தாங்க. ஆக மூணு நாளும் பிரியாணி. பேரம்னா அது சார்!

இன்னா… கத எங்க வுட்டேன்? ஆங், பிரமிளா மேடம். அவங்க தான் பாடம் எடுத்தவங்க. கண்ணாடி போட்டுக்கினு, மெதுவாப் பேசுவாங்க, ஆனா தப்பு சொன்னா வுட மாட்டாங்க. மொதல் நாள் கம்ப்யூட்டர்ல தேடச் சொன்னாங்க. நான் "டாமரின்ட் மிஷினு"ன்னு சபீனா மேடத்த வுட்டு அடிக்கச் சொன்னேன். வந்துச்சு பாருங்க… ஊறுகா, புளி பேஸ்ட்டு, புளிச் சாறு மருந்து, ஷாம்பு! ஒரு எழவும் உருப்படியா இல்ல. நான் ஒரே சிரிப்பு. "பாத்தீங்களா மேடம், என் மிஷினு உலகத்துலயே இல்ல"ன்னு.

அந்தம்மா சிரிக்கல, ஆனா மரியாதையா காரு போட்டு தான் கேட்டாங்க. "காலேப் காரு, உங்க பட்டறைல போல்ட்ட எப்பிடித் தேடுவீங்க?"ன்னாங்க. எப்பிடித் தேடறது? அளவுப்படி தட்டு வெச்சிக்கிறேன், தட்டுல கைய வுட்டா வந்துடும். "இதுவும் அப்பிடித்தான். வார்த்தய வெச்சித் தேடாதீங்க. வார்த்த எழுதறவன் இஷ்டம். ஒருத்தன் புளின்னு எழுதுவான், ஒருத்தன் ஹிந்தில இம்லின்னு எழுதுவான், சீனாக்காரன் அவன் பாஷைல எழுதுவான், இன்னொருத்தன் கெட்டிக்காரன், 'கொட்டையுள்ள பழம்'னு மட்டும் எழுதி ஒளிச்சி வெப்பான். ஆனா ஆபீஸ்காரங்க எல்லாத்துக்கும் நம்பர் போட்டு ஒரே தட்டுல வெச்சிடுவாங்க. தட்டு நம்பர் தெரிஞ்சா போதும்"ன்னாங்க.

நல்லா தான் சொல்றாங்க. எனக்குப் புடிச்சிப் போச்சு சார் அந்த சிஸ்டம். ஏ-ல இருந்து ஹெச் வரைக்கும் எட்டு பெரிய பீரோ. ஏ-ன்னா மனுஷனுக்கு அன்னாடம் வேண்டியது, அதுல சாப்பாட்டுக்கு ஒரு ரேக்கு, பழம் காய்கறி மிஷினுக்கு ஒரு அறை, அதுல கொட்ட எடுக்கறதுக்குன்னே ஒரு தட்டு. ஏ இருபத்திமூணு என், நாலு. பாருங்க, நான் படிச்சது எட்டாவது, இத்த எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். சீனாக்காரனும் அங்க தான், ஜப்பான்காரனும் அங்க தான், எல்லாம் ஒரே தட்டுல குந்திக்கினு கீறானுங்க. சண்ட எங்க வந்துச்சுன்னா, புளிய நாலாம் தட்டுல போடறதா, இல்ல ஓடு ஒடைக்கற அஞ்சாம் தட்டுல போடறதான்னு. அந்த வேர்க்கடல அம்மா அஞ்சுன்றாங்க. நான் நாலுன்றேன். மேடம் இன்னா சொல்றாங்க, "ரெண்டுலயும் பாருங்க"! அரை நாள் சண்ட போட்டப்புறம் சொல்றாங்க சார், ரெண்டுலயும் பாருங்கன்னு!

… டிக்கெட்டா? எடுத்துட்டேன் கண்டக்டர் காரு, பாக்கெட்ல கீது. சில்லற அப்புறம் குடுங்க.

சரி, இன்னிக்கி காலைல தான் விஷயமே. கடைசி நாள். ஆளுக்கு ஒண்ணு தேடணும்னாங்க. நான் வுடுவேனா? எழுந்து நின்னேன். "மேடம், என் மிஷினையே தேடுங்க. முப்பது பேரும் தேடுங்க. நான் தரகாஸ்து போட்ட தேதிக்கு முன்னாடி எவனாவது இத்த செஞ்சிருந்தா, எல்லாருக்கும் ஐஸ்கிரீம் என் செலவு"ன்னேன். ரெண்டு ரப்பர் உருள, நடுவுல இருபத்திரண்டு டிகிரி சாய்வு, கீழ நார் வாங்கற சீப்பு. மொத்தமும் போர்டுல வரஞ்சேன்.

தேடுனாங்க சார். நாலாம் தட்டு, அஞ்சாம் தட்டு, கத்தியால வெட்டற மிஷினு தட்டு, எல்லாத்தையும் கொட்டிக் கவுத்தாங்க. பேரிச்சம்பழ மிஷினு வந்துச்சு, ஆலிவ்னு ஒரு பழமாம், அதுக்கு வந்துச்சு. ஆனா என்னோடது? ஊஹூம்! ஒரு மணி நேரம் கழிச்சி அந்த வேர்க்கடல அம்மாவே சொல்லிட்டாங்க, "லேது, இல்லவே இல்ல"ன்னு. எனக்கு சட்ட பட்டன் தெறிக்குது! நைனா உசுரோட இருந்திருந்தா ஸ்தோத்திரம் சொல்லிருப்பாரு.

அப்போ பிரமிளா மேடம் மெதுவா சொல்றாங்க, "பேட்டன்ட்ல மட்டும் தேடுனா போதாது. பத்திரிக, நோட்டீஸு, கண்காட்சி, வீடியோ… தேதிக்கு முன்னாடி ஊருக்குத் தெரிஞ்சது எதுவா இருந்தாலும் கணக்குல வரும்"ன்னு. சபீனா மேடம் உடனே போன எடுத்தாங்க. ரெண்டே நிமிஷம். மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "அண்ணா… இது நீங்க தானே?"ன்னாங்க.

… இன்னா சார், தண்ணி வேணுமா? இருங்க, எனக்கே வேணும்.

அவங்க போன்ல இருந்தது பெரிய ஸ்க்ரீன்ல வந்துச்சு. முப்பது பேர் பாக்கறாங்க. எங்க சர்ச்சு சபையோட அறுப்பின் பண்டிக வீடியோ சார். உங்களுக்குத் தெரியாதில்ல? வருஷா வருஷம் அவங்கவங்க நெலத்துல வெளஞ்சது, கைல செஞ்சது எல்லாத்தையும் கோயிலுக்குக் கொண்டாந்து படைப்போம். ஆராதன முடிஞ்சி ஏலம். ஏலம்னா உங்க மார்க்கெட் யார்டு ஏலம் இல்ல, மானம் போற ஏலம். ஒரு முட்டைக்கு ஒரு கோழி வெல கூப்டுவான், வாங்கி மறுபடியும் ஏலத்துக்கே குடுப்பான். அன்னிக்கி நான் என் மொத மிஷின, மொதற்பேறுன்னு, பூ சுத்திக் கொண்டாந்து வெச்சேன். எனக்கு முன்னாடி ஜெபமணி அக்காவோட பரங்கிக்கா. ஒரே ஒரு பரங்கிக்கா! அதுக்கு ரெண்டு குடும்பம் போட்டி போட்டு ஏத்திக்கினே போச்சு. அப்புறம் என் மிஷினு. எவனும் வாயத் தொறக்கல சார். "இது இன்னாது, கரும்பு ஜூஸா?"ன்னு ஒருத்தன் கேக்கறான். போதகர் ரெண்டு தரம் சொல்லிட்டாரு. மூணாந்தரம் சொன்னா முடிஞ்சிச்சு. என் மிஷினு பரங்கிக்காய்க்குக் கீழ போவப் போவுது!

நீங்களா இருந்தா இன்னா செய்வீங்க? … சொல்லுங்க! சும்மா நிப்பீங்களா?

மைக்கப் புடுங்கிட்டேன். பாக்கெட்ல ஸ்பேனர் எப்பவும் இருக்கும். மேடைலயே மூடியக் கழட்டுனேன். "பாருங்க சகோதரரே! இந்த ரப்பர் இன்னா ரப்பரு தெரியுமா? லாரி ட்யூப்பு! ஏன் லாரி ட்யூப்பு தெரியுமா? சாய்வு இருபத்திரண்டு டிகிரி! ஏன் இருபதுல்ல, ஏன் இருபத்தஞ்சில்ல?" இப்பிடி, சார், பதினோரு நிமிஷம். சபை வீடியோ புடிச்சிக்கினு கீது. ஊர் ஊருக்கு நேரலை. ஏலம் ஏறுச்சு பாருங்க! பரங்கிக்காயத் தாண்டி, ஜெபமணி அக்கா மொகம் வாடிப் போயி… கடைசில எடுத்தது யாரு?

ஆமா. வெங்கடரமணன். எங்க ஏலத்துக்கு வருஷா வருஷம் வருவான், நல்ல மனுஷன்… அதாவது, அப்போ நல்ல மனுஷன். எடுத்துட்டு எங்கிட்ட வந்து கேட்டான், "காலேப்பு, இந்த மாதிரி நான் இன்னொண்ணு செஞ்சிக்கலாமா?" நான் கும்பல் நடுவுல, மால போட்டுக்கினு, "தாராளமா செஞ்சிக்கோ நைனா, கர்த்தர் குடுத்தது எல்லாருக்கும்"னேன். அதுவும் வீடியோல கீது. தெளிவாக் கேக்குது.

பெரிய ஸ்க்ரீன்ல என் மூஞ்சி, இந்த வெள்ள சட்ட தான். முப்பது பேரும் என்னப் பாக்கறாங்க, ஸ்க்ரீனப் பாக்கறாங்க. நான் வுடல. "மேடம், கண்காட்சில காட்னா ஒரு வருஷம் மன்னிப்பு உண்டுன்னு நேத்து நீங்க தானே சொன்னீங்க?"ன்னேன். "கவர்மென்ட்டு கெஜட்ல போட்ட கண்காட்சிக்குத் தான் காலேப் காரு. உங்க அறுப்பின் பண்டிகய கெஜட்ல போட்டாங்களா?"ன்னாங்க. போதகர் போர்டுல கூட ஒழுங்கா போடல, சார்.

கூத்து இன்னான்னா, தரகாஸ்து எழுதித் தர ஒரு ஆள வெச்சேன், விஜயராகவன்னு. அவரு பண்டிகைக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எல்லாம் எழுதி, படம் வரஞ்சி, கையெழுத்து ஒண்ணு தான் பாக்கின்னு கொண்டாந்து வெச்சாரு. நான் போடல. ஏன்? ஃபீஸக் கொறைக்கச் சொல்லி இழுத்தேன். அவரு போன் பண்ணுவாரு, நான் எடுக்க மாட்டேன். "இன்னும் ரெண்டு வாரம் வுடு, தானா எறங்கி வருவான்"ன்னு தபிதா கிட்ட சொன்னேன். அவ சொன்னா, "போட்டுத் தொலைங்க"ன்னு. பேரத்தப் பத்தி அவளுக்கு இன்னா தெரியும்! கடைசில எறங்கி வந்தாரு சார்! நான் சொன்ன ரேட்டுக்கே வந்தாரு! நாலு மாசம் கழிச்சி கையெழுத்து போட்டேன்… பண்டிகைக்கு ரெண்டு மாசம் பின்னாடி.

…

ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன். சொன்னா சொன்னது தான். முப்பதுக்கும், பட்டர்ஸ்காட்ச். கடைக்காரன் கிட்ட பேரம் பேச வாயே வரல எனக்கு.

வடமாலபேட்டைக்காரனுக்கு நாளைக்கி போன் பண்ணி இன்னா சொல்லுவேன்? தபிதா கிட்ட இன்னா சொல்லுவேன்? அந்த நாப்பது மிஷினு வந்தா கூரைய மாத்தறேன்னு சொல்லிக்கிறேன் அவ கிட்ட.

ஆனா கேளுங்க. காலேப் வுழுந்தா வுழுந்த எடத்துல ஒரு போல்ட்டப் பொறுக்கிக்கினு தான் எழுந்திருப்பான். பழைய மிஷினு போனா போவட்டும், அதுல ஒரு பெரிய கோளாறு கீது. மழ நாள்ல புளி பிசுபிசுன்னு ஆனா உருளைல ஒட்டிக்கும், நின்னுடும். வெங்கடரமணன் மிஷினும் நின்னுடும், நல்லா நிக்கட்டும்! அதுக்கு மருந்து கண்டுபுடிச்சிட்டேன். நேத்து சாயங்காலம், பஸ் ஸ்டாண்டுல சுண்டல் துன்னுக்கினு இருந்தப்போ. தேடியும் பாத்துட்டோம், நானும் சபீனா மேடமும், இன்னிக்கி மத்தியானம் பூரா. மேடத்துக்குக் கூட இன்னான்னு சொல்லல நான், தட்ட மட்டும் தொறக்கச் சொல்லி படத்த நானே பாத்தேன். எந்தத் தட்டுலயும் இல்ல, எந்த வீடியோவுலயும் இல்ல! வடமாலபேட்டைக்காரன் இத்த தான் கேட்டுக்கினு இருந்தான், மழைக்கு நிக்காத மிஷினு. இத்தக் கொண்டு போனா நாப்பது இன்னா, அறுவது எடுப்பான்.

இந்தத் தரம் வாயத் தொறக்க மாட்டேன் சார். பிரமிளா மேடம் படிச்சிப் படிச்சி சொன்னாங்க, "தரகாஸ்து போடற வரைக்கும் ஒரே ஒரு ஆள் கிட்ட சொன்னாலும் போச்சு. சொல்லியே ஆவணும்னா மொதல்ல இதுல கையெழுத்து வாங்குங்க"ன்னு ஆளுக்கு ஒரு ஃபாரம் குடுத்தாங்க. இதோ. 'வெளியே சொல்ல மாட்டேன்'னு எழுதி கீது. நல்ல மொத்தமான பேப்பரு.

… இன்னா, பேனாவா? ச்சே ச்சே, உங்களுக்கு எதுக்கு சார் கையெழுத்து? மொகத்தப் பாத்தா தெரியாதா? திருப்பதில இருந்து ஒரு வார்த்த பேசல நீங்க. ரகசியத்த உங்கள மாதிரி ஆள் கிட்ட தான் வெக்கணும். இப்பிடி சாஞ்சி வாங்க. பேப்பரத் திருப்பறேன், பின்பக்கம் வெள்ளையா கீது… இது மேல் உருள. இது கீழ் உருள. இங்க, இந்த மூலைல, ஒரு சின்ன சல்லட. அதுல இன்னா போடறேன் தெரியுமா? … சொல்லுங்க பாப்போம்!… புளியங்கொட்ட மாவு! வறுத்து அரைச்ச மாவு! அதோட கொட்டைய எடுத்து அதுக்கே தூவறேன். சப்பாத்திக்கு மாவு தூவற மாதிரி. ஒட்டவே ஒட்டாது! மாவு எத்தினி? உருள ஒரு சுத்து சுத்துனா சல்லட ரெண்டு தட்டு. அளவு எழுதிட்டேன் பாருங்க, ஓரத்துல. புடிங்க, புடிங்க, வெளிச்சத்துல பாருங்க. எப்பிடி?

மொத மிஷினு போனதுல எனக்கு வருத்தம் இல்ல சார். பாருங்க, அந்தாண்ட வயலு… ரோட்டு ஓரம் பூரா புளிய மரம். ஒவ்வொரு மரமும் எனக்காகக் காச்சி நிக்கற மாதிரி கீது. வருஷம் பூரா ஓடும் என் மிஷினு, மழயாவது, பனியாவது… தபிதா கூரைக்கு ஷீட்டு போடறதா, தளமே போட்டுடறதான்னு யோசிச்சிக்கினு கீறேன். நீங்க இன்னா சொல்றீங்க? தளம் தானே? … சார்?

சார்?

ஏமண்டி, இங்க குந்திக்கினு இருந்தவரு எங்க? … எறங்கிட்டாரா? எங்க? … காணிப்பாக்கம் க்ராஸ் போயிடுச்சா! எப்போ? பேப்பரு… என் பேப்பரு எங்க? அய்யோ, அவரு கைல!

கண்டக்டர் காரு! ஆப்பண்டி! ஆப்பண்டி! வண்டிய நிறுத்துங்க! பேர் கூட கேக்கலியே அந்த ஆள! … இன்னா பேப்பரா? இன்னா பேப்பர்னு சொன்னா தான் நிறுத்துவியா? யோவ், அது சாதாரண பேப்பர் இல்லய்யா, என் மிஷினு! மழைக்கு நிக்காத மிஷினு! மேல் உருளைக்குப் பக்கத்துல சல்லட, அதுல புளியங்கொட்ட மாவு, வறுத்து அரைச்சது, ஒரு சுத்துக்கு ரெண்டு தட்டு, எல்லாம் அதுல கீதுய்யா! கேட்டுச்சா? டிரைவர் காரு, உங்களுக்குக் கேட்டுச்சா? புளியங்… கொட்ட… மாவு!

… இன்னா எல்லாரும் திரும்பிப் பாக்கறீங்க?

யம்மா, பின்சீட்டு அம்மா… அந்தப் போன ஏம்மா இந்தப் பக்கம் தூக்கிப் புடிச்சிக்கினு கீற?